கல்லைத் தாண்டிய குதிரை

போன வாரம் ஆவூரிலிருந்து கடிதம் வந்தது. ஃபாரஸ்ட் கார்டு அந்தோணி காலமாகிவிட்டார். மூன்று மாதம் இருமலோடு மல்லாடியவர், பகலில் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினாராம், எழுந்திருக்கவில்லை. இனி மூச்சுக்குத் திண்டாட வேண்டாம் என்று எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அழுகை மறுநாள் வந்தது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும், புதுக்கோட்டைச் சீமையின் வடகோடியில், விராலிமலைக்கு அப்பால் இருந்த ராஜாவின் வேட்டைக்காடு சர்க்காரின் காப்புக்காடானது. சுற்றிலும் எல்லைக்கல் நட்டோம். நான் புது ரேஞ்சர். சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன்; காட்டைத் தெரியாது. அந்தோணிக்கோ அந்தக் காடுதான் வீடு. மயில் அடைகாக்கும் புதரருகே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். "இங்கிட்டு நாமதான் வெளியாளுங்க ஐயா" என்பார்.

காட்டுக்குள் ஓர் அய்யனார் கோயில். பங்குனியில் ஊரார் மண்குதிரைகளைச் சுமந்துபோய் அங்கே நிறுத்துவது வழக்கம். அந்த வருஷம் கடும் வறட்சி. கூட்டம் போனால் பீடி நெருப்பு விழும் என்று தடை போட்டேன். அந்தோணி வேண்டாம் என்று ஒரே முறை சொன்னார். நான் கேட்கவில்லை, கல்லைத் தாண்டினால் வழக்கு என்று தண்டோராவும் போட்டேன். அவர் ஆவூர் மாதா கோயில் தேருக்கு லீவில் போய்விட்டார். குதிரைகள் கல்லுக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்றன.

நான்காம் நாள் மத்தியானம் காட்டில் தீ. எப்படிப் பிடித்ததென்று இன்றுவரை தெரியாது. நானும் இரண்டு வாச்சர்களும் பச்சைத் தழையை ஒடித்து அடித்தோம். ஊரே கல்லுக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

ஊர்த் தலைவரான அம்பலம் நிதானமாகச் சொன்னார்: "தாண்டுனா கேசுன்னீங்க. சாமி குதிரையே வெளிய நிக்கிது, நாங்க எப்புடி உள்ள வாரது?"

பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த அந்தோணி, புகையைக் கண்டு வழியிலேயே இறங்கிக் புன்செய்க் கொல்லைக்குக் குறுக்கே ஓடி வந்தார். என்னைத் திட்டவில்லை.

"ஐயா, நீங்க ஒரு குதிரையத் தூக்குங்க."

இருப்பதில் சிறியதைத் தலையில் ஏற்றிவிட்டார்கள். கழுத்து ஒடிந்துவிடும்போல் கனம். கல்லைத் தாண்டினேன். பின்னால் மற்றக் குதிரைகள், அவற்றின் பின்னால் ஊர். குதிரைகளை இறக்கிவிட்டு எல்லோரும் தழையை ஒடித்து அடித்தோம். பொழுது சாய்வதற்குள் தீ அடங்கியது, கருகியது ஓரம்தான். உள்ளே எங்கோ ஒரு மயில் அகவியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அவசரத்தில் இறக்கியபோது உடைந்த குதிரைக் காது மடியில் கிடந்தது.

மேலதிகாரி விசாரிக்க வந்தார். நான் வாய் திறக்குமுன், ரேஞ்சர்தான் ஊரைத் திரட்டிக் காட்டைக் காப்பாற்றினார் என்று அந்தோணி சொல்லிவிட்டார். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. உண்மையை எழுதப்போகிறேன் என்று அந்தோணியிடம் சொன்னேன்.

"பொய் சொன்னது நானுங்க. நான் மண்ணுக்குள்ள போனப்பறம் சொல்லிக்கங்க. அதுவரைக்கும் வருசா வருசம் குதிரைக்கு வழி விடுங்க, போதும்."

விட்டேன். எனக்குப் பின் வந்தவர்களும் விடுகிறார்கள். காடு இருக்கிறது.

இதோ, சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. அந்தப் பாராட்டுக் கடிதத்தை நேற்றுக் கிழித்துப் போட்டேன். குதிரையின் காதை வைத்துக்கொண்டேன்.