சுல்மா ஒதுக்கிய வயலின்கள்

லா பாஸில் எங்கள் படத்தொகுப்புக் கூடத்துக்கு வந்து சேர்வதற்கு முன், சுல்மா அரான்சிபியா ஒருரோ என்ற ஊரின் சுரங்கப் பகுதி வானொலி ஒன்றில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவள். காலையில் சாவுச் செய்திகள் வாசிப்பார்கள். யார் இறந்தார், எந்தத் தெருவில் வீடு, எப்போது அடக்கம். அதன் அடியில் ஓடும் இசையைத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை.

எங்களிடம் அவளுக்குச் சோக இசையைக் கேட்டுத் தரம் பார்க்கும் வேலை. விளம்பரமோ தொடரோ சினிமாவோ, எதற்கு வந்த வாத்திய இசையானாலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பிறகு சத்தமில்லாமல் காட்சியைப் பார்ப்பாள். கடைசியில் இரண்டையும் சேர்த்து ஓட்டச் சொல்வாள். நோட்டில் ஒன்றிரண்டு சொல்தான் விழும்: 'காத்திருக்கிறது', 'நடிக்கிறது', 'வீடு திரும்புகிறது'. தொகுப்பாளனான நான் ஆரம்பத்தில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மலைச்சரிவு இடிந்து வீடுகள் போன ஒரு குடியிருப்பைப் பற்றி வால்தோ இதுர்ரி என்ற இயக்குநர் ஆவணப்படம் எடுத்தார். அதில் செவெரினா என்ற பெண், தன் வீடு இருந்த மண்ணில் நின்று, தோண்டி எடுத்த கம்பளியை உதறி மடிப்பாள். அந்தக் காட்சிக்கென்றே வால்தோ இருபது வயலின்களை வைத்து இசை பதிவு செய்திருந்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சுல்மா நோட்டில் எழுதியது 'கெஞ்சுகிறது'.

வால்தோவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சுல்மாம்மா, இது உங்க ரேடியோ இல்ல. சினிமா."

"ரேடியோல இசை ரொம்ப அழுதா, எந்த வீட்டுல சாவுன்னே ஜனங்க காதுல விழாது," என்றாள் அவள். "இங்கயும் அதேதான். அந்தம்மா என்ன பண்றாங்கன்னு யாரும் பாக்க மாட்டாங்க."

அவள் எடுத்து வைத்தது பெயர் தெரியாத ஒருவர் வாசித்த ஒற்றை கிதார். ஒரு நிமிஷம் இருபது வினாடி. தந்திமேல் விரல் வழுக்கும் கீச்சொலி நடுவில் கேட்கும். பதிவில் குறை என்று நானே முன்பு தள்ளி வைத்தது. செவெரினாவின் முகம் தெரியும்போது இசை வேண்டாம், கை கம்பளியின் மூலையைப் பிடிக்கும்போது தொடங்குங்கள் என்றாள். வால்தோ ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் அந்தக் குடியிருப்பு ஜனங்களுக்கே போட்டுக் காட்டலாம் என்று சுல்மா விடாமல் நின்றாள்.

செவெரினாவிடம் முன்பே கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் திரை கட்டினோம். வயலின் ஓடியபோது பலர் தலை குனிந்துகொண்டார்கள், சிலர் விசும்பினார்கள். கிதார் ஓடியபோது யாரும் குனியவில்லை. கம்பளி மடிந்து முடியும்வரை எல்லாக் கண்ணும் திரையிலேயே இருந்தது.

வால்தோ செவெரினாவிடம் போய் எது பிடித்தது என்று கேட்டார். அவள் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"மொதல்ல போட்டதுல என்னைப் பாத்து எல்லாரும் பாவப்பட்டாங்க. அடுத்ததுல நான் வேலை செய்யிறது தெரிஞ்சுதுங்க."

வால்தோ கிதாரையே படத்தில் வைக்கச் சொன்னார். வண்டியில் திரும்பி வரும்போது முன்சீட்டிலிருந்து திரும்பி, படத்தின் பெயர்ப் பட்டியலில் அவள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று சுல்மாவிடம் கேட்டார். முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

படம் திரையரங்குக்கு வந்த அன்று அவள் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து நின்றாள். பின்னால் இருந்த ஒருவர், மறைக்கிறது, உட்காருங்கள் என்றார்.

"எம்பேரு வரப் போவுதுங்க," என்றாள் சுல்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்ததும் உக்காந்துக்கறேன்."

அவர் தலையைச் சாய்த்து, அவள் தோளுக்குப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டார்.