அட்டவணை ஏழில் ஒரு வரிசை

கஸ்தூரிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. நடந்துகொண்டே பாடம் எடுப்பாள், நின்றுகொண்டே சாப்பிடுவாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்ட குடும்பம். கல்லூரியில் சேரப் போன அன்று கணக்கில் இடம் தீர்ந்து, உளவியல்தான் மிச்சமிருந்தது. மாமா சகாதேவன் தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியக்கார டாக்டருக்கா படிக்கப் போற?" இல்லை மாமா, வேலை செய்கிறவர்களின் மனசைப் பற்றிய படிப்பு என்று முப்பது வருஷமாக விளக்கிவிட்டாள். அவருக்கு இன்னும் சந்தேகம்தான்.

மனிதர்களுக்கு வேலை ஏன் கசந்துபோகிறது என்பதில் முனைவர் பட்டம் வாங்கினாள். அதை வாங்க ஒன்பது வருஷம் பட்ட பாட்டில் அவளுக்கே வேலை கசந்துபோனது தனிக்கதை. திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரி, எம்பிஏ பிள்ளைகள், இணைப் பேராசிரியர் பதவி. ஐம்பது வயதில், வரும் வியாழக்கிழமை, பேராசிரியர் பதவிக்கான நேர்காணல். கைவசம் இருந்த உருப்படியான ஆராய்ச்சி ஒன்றே ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஷூ கம்பெனியில் முந்நூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களிடம் நாற்பது கேள்விகள் கேட்டு எழுதியது. வெளிநாட்டு இதழில் வந்த கட்டுரை.

திங்கட்கிழமை, தாலுகா ஆபீசில் இழுத்தடித்த வாரிசுச் சான்றிதழுக்காக மனு கொடுக்க வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் நின்றபோது, வரிசையில் முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், ஷூ கம்பெனிக்குப் பேப்பர் எடுத்துக்கினு வந்தீங்களே, நீங்கதானே? நான் காசியம்மாள். பேக்கிங்ல இருந்தேன்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"அடி அண்ணாமலையிலதான். நூறு நாள் வேலைக்கு மனு குடுக்க வந்தேன். நீங்க வந்துட்டுப் போன ரெண்டாம் மாசமே என்னை நிறுத்திட்டாங்க." அவள் குரலில் கோபமே இல்லை. "பேரு எழுத வேணாம், யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்க. நானும் மனசுல இருக்கறதச் சொன்னேன். எனக்குக் கண்ணு கம்மி, கூட வேலை செஞ்ச வள்ளிதான் படிச்சு டிக் போட்டு, நான் சொன்னத எழுதுனா. அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? பக்கத்து வீடு. அவ மூஞ்சியில முழிச்சு மூணு வருஷம் ஆச்சு."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், அதே ஆராய்ச்சியை வைத்து அப்போது கம்பெனி நிர்வாகத்துக்குக் கொடுத்த அறிக்கையைத் திறந்தாள். அட்டவணை ஏழு. பெண்கள், பேக்கிங் பிரிவு, வயது நாற்பத்தைந்துக்கு மேல், அனுபவம் பத்து வருஷத்துக்கு மேல். எண்ணிக்கை: ஒன்று. பக்கத்திலேயே அந்த ஒருத்தி சொன்னது: பாத்ரூம் போகவும் சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

பேர் எதற்கு? பேக்கிங் பிரிவில் அந்த வயதில் வேறு யார் இருந்தார்கள்? ஐந்து பேருக்குக் குறைவான வரிசையைத் தனியாகக் காட்டக்கூடாது என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போடுகிறவள் அவள்தான். அட்டவணை நிறைவாகத் தெரியட்டும் என்று விட்டிருந்தாள்.

மறுநாள் துறைத்தலைவர் ராஜேந்திரனிடம் சொன்னாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நீங்களா மேடம் வேலைய விட்டு எடுத்தீங்க? நேர்காணல் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. தானும் உள்ளுக்குள் அதையே விரும்பி, தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள் என்பதும் புரிந்தது.

நேர்காணலுக்குக் கொடுக்கவேண்டிய பட்டியலில் இருந்து அந்த ஷூ கம்பெனிக் கட்டுரையை அடித்தாள். மறுபடி சேர்த்தாள். மறுபடி அடித்தாள். அது இல்லாமல் பதவி இல்லை. அடித்துவிட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். பதவியை விட்டுக்கொடுத்தால் நெஞ்சு அடங்கும் என்று நினைத்தாள், அடங்கவில்லை. காசியம்மாள் கண்ணில் வள்ளி இன்னும் குற்றவாளியாகத்தானே இருக்கிறாள்.

புதன்கிழமை மாலை ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலை போனாள். காசியம்மாளிடம் அறிக்கையைக் காட்டி, எந்த வரிசை, ஏன் தெரிந்துபோனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "வள்ளி யாருகிட்டயும் எதுவும் சொல்லல. காட்டிக்குடுத்தது நான்தாங்க."

காசியம்மாள் அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்தாள். பிறகு எழுந்தாள். "வாங்க. இத அவகிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது."

வள்ளி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காசியம்மாளைக் கண்டதும் முகம் மலர்ந்தே போயிற்று. கஸ்தூரி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஒரு பாரம் இறங்கியதுபோலக்கூட இருந்தது.

வள்ளி கஸ்தூரியைப் பார்க்கவே இல்லை.

"வேலை போன ஏக்கத்துல நீ பேசாம இருக்கேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் காசி. உனக்குப் போயி எனக்குப் போகலியே, அந்த வயித்தெரிச்சலாக்கும்னு நானே தேத்திக்கினேன்." மடித்த துணி கையிலேயே இருந்தது. "நான் போட்டுக்குடுத்தேன்னா நெனச்ச?"

காசியம்மாள் குவியலில் இருந்து ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

மூன்று வருஷம் வள்ளிக்குத் தெரியாமலே இருந்தது. இன்று கஸ்தூரி வீடு தேடி வந்து தெரிவித்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவள் துடித்தாள். "வள்ளி, அவங்க மேல தப்பில்ல, சூழ்நிலை..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க கெளம்புங்க மேடம்" என்றாள் வள்ளி, அமைதியாக. "இது எங்க ரெண்டு பேருக்குள்ள."

கஸ்தூரி தெருமுனை வரை நடந்து, நின்று, திரும்பிப் பார்த்தாள். இருவரும் வாசலில் நின்றபடியே இருந்தார்கள். பேசுகிறார்களா என்று அங்கிருந்து தெரியவில்லை. போய்க் கேட்கவும் அவளுக்கு உரிமையில்லை.