செய்திகள் வாசிப்பது அக்கா

எங்கள் கல்வி வலயத்தின் அறிவித்தல்கள் இப்போது வட்ஸ்அப்பில் வருகின்றன. ஆசிரியர் இடமாற்றம், விளையாட்டுப் போட்டி பிற்போடப்பட்டது, பாடசாலைக் கிணற்றுக்குள் விழுந்த மாடு உயிரோடு மீட்கப்பட்டது, எல்லாமே அக்காவின் குரலில் வரும். அக்கா வலய அலுவலகத்தில் ஆசிரிய ஆலோசகர். எழுதி அனுப்பினால் பாடசாலை அதிபர்மார் வாசிக்கமாட்டார்கள் என்பதைக் கண்டுபிடித்து, குரலாகவே பதிவுசெய்து அனுப்பத் தொடங்கினாள். அவள் அனுப்பி முடிப்பதற்குள் கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் கீழே வரிசைகட்டி விழும். நானும் அதே வலயத்தில் ஒரு சின்னப் பாடசாலையின் பிரதி அதிபர்தான். எங்கள் மாணவர்கள் வளர்த்த வாழையில் முதல் குலை வெட்டியதைப் பற்றி அழகான தமிழில் மூன்று பந்தி எழுதிப் போட்டேன். ஒரேயொரு பெருவிரல் கிடைத்தது. அதுவும் அக்காவுடையது.

ஐம்பதை நெருங்குகிற மனிதன் தமக்கைக்கு விழும் பூங்கொத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பது அழகில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் இது நேற்று முளைத்த பொறாமை அல்ல. நான் ஆறாம் வகுப்பிலும் அவள் எட்டாம் வகுப்பிலும் இருந்தபோது தொடங்கியது. இவ்வளவு காலம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை இப்போது பிடுங்கி எறிய மனம் வரவில்லை.

அப்போது நாங்கள் துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு குளத்தின் கீழிருந்த குடியேற்றத் திட்டத்தில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வயலுக்காக வந்து தங்கிவிட்ட குடும்பங்கள்தான் அங்கே அதிகம். பாடசாலைக்குத் தென்னோலைக் கிடுகுக் கூரை. காலைப் பிரார்த்தனை வெளியே பாலைமரத்தடியில் நடக்கும். தேவாரம் முடிந்ததும் செய்தி வாசிப்பு. முதலில் உலகச் செய்தி, அடுத்து வலய அலுவலகத்திலிருந்து சைக்கிளில் வரும் அறிவித்தல்கள், கடைசியில் பாடசாலைச் செய்தி. மூன்றையும் வாசிக்கிற பதவி அக்காவிடம் இருந்தது. அவள் முன்னே வந்து, பின்னலைத் தூக்கி முதுகுக்குப் போட்டுவிட்டு, "வணக்கம், செய்திகள்" என்று தொடங்கினால், அதுவரை ஒருவனை ஒருவன் கிள்ளிக்கொண்டிருந்த பையன்கள்கூட நிமிர்ந்து நிற்பார்கள். நான் கிள்ளிக்கொண்டேதான் இருப்பேன். யாராவது ஒருவன் எதிர்க்கத்தானே வேண்டும்.

வாசிப்பது அவளாக இருந்தாலும், அந்தச் செய்தியை உண்டாக்குகிறவன் நான் என்பதே என் கட்சி. அதில் உண்மையும் இருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்ததால், ரேடியோவுக்குப் போடும் பற்றரிகூட வவுனியாவைத் தாண்டி எங்கள் பக்கம் வரக்கூடாது என்று தடை இருந்த காலம். பத்திரிகை வந்தால் வரும். எனவே ரேடியோ கேட்பதற்கு ஊரெல்லாம் செய்ததையே நாங்களும் செய்தோம். பொழுதுபடும் நேரத்தில் அப்பாவின் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்துவோம். பின் சில்லோடு ஒட்டியிருக்கும் டைனமோவிலிருந்து ஒரு வயர் ரேடியோவுக்குப் போகும். ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றவேண்டும். சுற்றினால் ரேடியோ கதைக்கும். கை தளர்ந்தால் வாசிப்பவரின் குரல் நோயாளியின் முனகலாக இறங்கும், நிறுத்தினால் செத்துப்போகும்.

அந்தப் பெடலைச் சுற்றியவன் நான். ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு சொகுசாக இருந்தவள் அக்கா.

எங்கள் ரேடியோவின் குரல் மெலிவு. காதைப் பக்கத்தில் வைத்தவருக்கு மட்டும்தான் சொல் விளங்கும். ஆகையால் அக்கா கேட்கக் கேட்க, குசினிக்குள் நிற்கும் அம்மாவுக்காக அதை உரத்துத் திருப்பிச் சொல்வாள். அம்மா அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் வந்து நிற்பார். முன்பெல்லாம் அம்மாவுக்கு உலகச் செய்தியில் நாட்டம் இருந்ததில்லை. அப்பா வவுனியாவுக்குப் போன பிறகுதான் வந்தது.

அப்பா எங்கள் பாடசாலையிலேயே ஆசிரியர். அந்த வருடத்துக்கான இலவசப் பாடநூல்கள் வவுனியாவில் வந்து கிடந்தன. தடைகள் எல்லாவற்றையும் கடந்து அவற்றை ஏற்றிவர ஒருவர் போகவேண்டியிருந்தது. அப்பா சைக்கிளை எங்களிடம் விட்டுவிட்டு, போகிற லொறியொன்றில் ஏறிப் போனார். போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. "எமது வலயத்துக்கான பாடநூல்களை எடுத்துவர எமது பாடசாலை ஆசிரியர் ஒருவர் சென்றுள்ளார்" என்று அக்கா தினமும் வாசித்தாள். அப்பா எனக்கும் அப்பாதான். அவருடைய செய்தியையும் அவளே வாசித்தது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு குற்றச்சாட்டும் என்னிடம் இருந்தது. ரேடியோ நெடுநேரம் எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். நான் வேர்த்து ஒழுக ஒழுகச் சுற்றிக்கொண்டிருப்பேன். அக்கா ஒரே வரியில், "கொழும்பில நல்ல மழையாம்" என்று முடித்துவிடுவாள். மிச்சத்தைக் காலைக்காகப் பதுக்குகிறாள் என்று நினைத்தேன். காலையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அங்கேயும் அது வராது. இன்னும் பெரிய கூட்டம் கூடும் நாளுக்கு வைத்திருக்கிறாள் போலும் என்று முடிவுகட்டினேன். பொறாமைக்காரனுக்கு எந்தக் கேள்விக்கும் விடை கைவசம் இருக்கும்.

ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். "நான் சுத்துறதாலதானே நீ வாசிக்கிறாய். நாளைக்கு என்ரை பேரையும் சொல்லு."

"என்னெண்டு சொல்லுறது? செய்திகளைச் சுத்தினது தம்பி எண்டோ?"

அன்று பின்னேரமே நான் வேலைநிறுத்தத்தில் இறங்கினேன். சைக்கிள் தலைகீழாக நிற்க, நான் கொய்யாமரத்தில் ஏறி இருந்துகொண்டேன். நான் கேட்டது இவ்வளவுதான்: நாளைக்குப் பிரார்த்தனையில் நான் வாசிக்கவேண்டும், அதற்காக இன்றைக்கு ரேடியோவில் காது வைப்பது நான், சுற்றுவது அவள்.

செய்தி நேரம் நெருங்கியது. அம்மாவுக்குப் பொறுமையில்லை.

"ஒரு நாளைக்கு அவன் கேக்கட்டுமன், பிள்ளை. அவனுக்கும் ஆசை இருக்காதே?"

"வேண்டாமம்மா. அவன் எல்லாத்தையும் சொல்லுவான்."

"கேக்கிறதைத்தானே சொல்லப்போறன்" என்றேன் மரத்திலிருந்து.

"அதுதான் வேண்டாம் எண்டுறன்."

இதைவிட அப்பட்டமான பொறாமையை நான் அதுவரை கண்டதில்லை. அம்மாவே தீர்ப்புச் சொன்னார். அக்கா பெடலின் பக்கத்தில் குந்தினாள். நான் இறங்கி வந்து ரேடியோவுக்குக் காதைக் கொடுத்தேன்.

அந்த நேரம் எனக்கிருந்த கம்பீரத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு சொல் விடாமல் உரத்துச் சொன்னேன். அமைச்சர் ஒருவர் எதையோ திறந்துவைத்ததைச் சொன்னேன். அரிசி விலையைச் சொன்னேன். வாசலில் அம்மா நிற்பது தெரிந்ததும் குரலை இன்னும் ஏற்றினேன்.

"வவுனியாவிலயிருந்து வடக்க வந்த லொறி ஒண்டு…"

ரேடியோ முனகி அடங்கியது. அக்காவின் கை பெடலில் அப்படியே நின்றிருந்தது.

"சுத்தக்கா, சுத்து. இப்பதான் நல்ல செய்தி வருது."

வாசலிலிருந்து அம்மா கேட்டார், "லொறிக்கு என்னவாம்?"

"தெரியேல்லையம்மா. சங்கிலி கழண்டுட்டுது" என்றாள் அக்கா.

நான் குனிந்து பார்த்தேன். சங்கிலி பற்சில்லின் மேல் சப்பாணி கட்டி இருந்தது. "பொய்யம்மா. சங்கிலி இருக்குது, வந்து பாருங்கோ."

அம்மா வந்தார். சங்கிலியைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயேதான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் தம்பி. கழண்டுதான் கிடக்கு" என்றார்.

கண்முன்னே இருக்கிற சங்கிலியை இரண்டு பேர் சேர்ந்து இல்லையென்றால் ஒருவன் என்ன செய்வது? பெண்கள் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டேன். சாப்பிடாமல் படுத்தேன். என்னை ஒருவரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. அதுவும் அந்தச் சதியின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அக்கா வயிற்றுக்குத்து என்று பாடசாலைக்கு வரவில்லை. தோற்றவர்களுக்கு வயிறு குத்தும்தானே. நான் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு பாலைமரத்தடியில் போய் நின்றேன். அமைச்சரும் அரிசியும் தடங்கலின்றிப் போனார்கள். பாதியில் அறுந்த லொறிச் செய்தி வந்தது. அரைவாசிச் செய்தியோடு இறங்கினால் அக்கா வென்றதாகிவிடும். லொறி வருவது வவுனியாவிலிருந்து. அப்பா வருவதும் அங்கிருந்துதான். மிச்சத்தை ஊகிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

"வவுனியாவிலிருந்து வடக்கே வந்த லொறி ஒன்றில்," என்று வாசித்தேன், "எமது பாடநூல்களோடு எங்கள் அப்பா வந்துகொண்டிருக்கிறார்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆசிரியர்கள் தட்டவில்லை. சங்கீத ரீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டார். அதிபர் கடுமையான மனிதர். பாராட்டுகிற வழக்கம் அவரிடம் இல்லை. அவர் என்னருகே வந்து என் தோளில் கை வைத்தார்.

"நல்லா வாசிச்சாய். அக்கா கொஞ்சம் ஆறட்டும். இனி நீயே வாசி."

அன்று பின்னேரம் அயலட்டை முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அடுத்த வளவு மாமி சோறும் கறியும் சமைத்தே கொண்டுவந்தார். ஆண்கள் முற்றத்தில் கதிரை போட்டு, சத்தமில்லாமல் இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் என் தலையைத் தடவினார்கள். ஒரு செய்தி வாசிப்புக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. "சேர் இனி என்னையே வாசிக்கச் சொல்லிட்டார்" என்று மாமியிடம் சொன்னேன். மாமி என்னைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். நான் மடியில் இருக்கிற வயதைத் தாண்டியிருந்தேன். ஆனாலும் புகழ் வந்தால் இப்படியான சங்கடங்களும் வரும் என்று பொறுத்துக்கொண்டேன்.

அக்கா ஒரு மூலையில் முழங்காலில் முகத்தைப் புதைத்து இருந்தாள். பொறாமை ஒருத்தியை எந்தப் பாடு படுத்துகிறது என்று பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ரேடியோ பாடவில்லை. டைனமோ பழுது என்றாள் அக்கா. அது பரவாயில்லை, அதிபரே எனக்குச் செய்தி எழுதித் தந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்பல் விழுந்தது. பாடசாலைத் தோட்டத்தில் கத்தரி பூத்தது. தொலைந்த மணி அடிக்கும் கம்பி கண்டெடுக்கப்பட்டது. அந்த நாட்களில் உலகத்தில் வேறொன்றும் நடக்கவில்லை. அப்பாவைப் பற்றிய வரியை மட்டும் அதிபர் எழுதுவதில்லை. அது பழைய செய்தியாகிவிட்டதாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் பின்னேரம் அப்பா வந்தார். யாரோ ஒருவருடைய சைக்கிள் கரியரில், மடியில் ஒரு புத்தகக் கட்டோடு, தாடியும் புழுதியுமாக வந்து இறங்கினார். ஆறாம் வகுப்புக் கணிதப் புத்தகம் குறைந்ததாம். அது கிடைக்கும்வரை நகரமாட்டேன் என்று அலுவலகத்தில் சண்டைபிடித்து நின்றதில், ஏறவேண்டிய லொறி அவரை விட்டுவிட்டுப் போய்விட்டதாம். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டார். அக்கா அப்பாவின் சட்டையைப் பிடித்தவள் விடவேயில்லை. ஊர் மறுபடியும் கூடியது. இந்த முறை என் தலையை ஒருவரும் தடவவில்லை.

கூட்டத்தோடு வந்த அதிபர் அக்காவிடம், "நாளைக்கு நீ வாசி பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பிழையும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்த என்னை, ஒரு விளக்கமும் கேட்காமல் பதவியிலிருந்து எடுத்துவிட்டார். அப்பா இன்னும் நாலு நாள் கழித்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு கடைசி முயற்சியாக, பொழுதுபட்டதும் நானே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். "டைனமோ பழுது எண்டாய்" என்றேன். அக்கா வந்து குந்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெடலைச் சுற்றினாள். டைனமோவுக்கு ஒரு பழுதுமில்லை, சங்கிலியும் கழலவில்லை. ரேடியோ என்றுமில்லாத தெளிவோடு கதைத்தது. நான் ஒரு சொல் விடாமல் உரத்து உரத்துச் சொன்னேன். எங்கேயோ வெள்ளம், எங்கேயோ தேர்தல், எங்கேயோ சண்டை. சுற்றிக்கொண்டிருந்தவளோ அப்பா இருந்த திசையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா குசினி வாசலுக்கு வரவேயில்லை. உள்ளே புட்டு அவிந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு எத்தனை முட்டை பொரிக்கிறது என்று உள்ளிருந்து கேட்டார்.

உலகச் செய்தி முழுவதையும் நான் தனியாகவே வாசித்து முடித்தேன். கேட்க ஒருவரும் இல்லை. இரண்டு பேருக்கும் என்மேல் எவ்வளவு பொறாமை என்று நினைத்துக்கொண்டே போய்ப் படுத்தேன்.