ஓவனுக்குள் காயவைத்த கப்பல்

எமிலியானுஸ் என் தங்கை பிலோமினாவின் புருஷன். இந்தக் குளிர் தேசத்தில், லாசாலில் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்குகிற வேலை. மன்னார்க் கடற்கரையில் பிறந்தும் வள்ளத்தில் கால் வைத்தால் சத்தி எடுப்பவர். ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் பாதிச் சுவரைப் பெயர்த்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் கப்பல் செய்யப் போகிறேன் என்று வந்து நின்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அது 2005ஆம் ஆண்டு. மாசி மாதத்தில் பிலோமினாவின் வயிற்றில் கட்டி என்று வெட்டி எடுத்தார்கள். முழுவதும் எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்றார் டொக்டர். ஆனால் வீட்டுக்கு வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். படுத்தவள்தான். சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம். வாயில் கரண்டியை வைத்தால் இரண்டு மிடறு விழுங்குவாள். கைத்தாங்கலாகப் பிடித்தால் கழிவறை வரைக்கும் வருவாள். இப்படியே கிடந்தால் ஒப்பரேஷன் செய்தும் பிரயோசனமில்லை, ஆள் தப்பமாட்டா என்று அதே டொக்டர் பிறகு சொன்னார். லொங்குய்யில் இருந்த என் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து அவர்களோடு தங்கினேன். கெஞ்சிப் பார்த்தேன், பிறகு ஏசிப் பார்த்தேன். ஒன்றும் அவளுக்கு ஏறவில்லை.

எங்கள் சனம் நேர்த்தி வைத்தால் வெள்ளியில் கால், கை, கண் என்று செய்து மாதாவின் காலடியில் வைக்கும். எமிலியானுஸோ பழைய துறைமுகத்துப் பக்கத்து மாதா கோயிலில் கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். கரை சேர்ந்த மாலுமிகள் கொடுத்தவையாம்.

"பிலோமினா தானா எழும்பிச் சாப்பிட வேணுமெண்டு நேந்திருக்கிறன், அக்கா. மாதாவுக்கு ஒரு கப்பல்."

"வெள்ளியில ஒரு வயிறு செய்து குடுத்தால் காணாதோ? உமக்கேன் இந்த வேலை?"

"கப்பலைக் கண்டால் மாதா கொஞ்சம் அவசரப்படுவா."

பொருத்திச் செய்கிற கப்பல் ஒன்றைக் கடையில் வாங்கிவந்து, பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் துண்டுகளைக் கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார். அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய் போகாவிட்டால் பூசுகிற மை பிடிக்காதாம். துண்டுகளைப் பசையால் பொருத்திவிட்டு, பங்குனிக் குளிரில் பல்கனியில் நின்று சாம்பல் நிற அடிப்பூச்சை விசிறினார். அது உப்புப் பூத்ததுபோலச் சொரசொரத்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி, மண்கடதாசியைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அடிப்பாகத்துக்குச் சிவப்பு. அது காய்ந்ததும் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ரேப் நாடா ஒட்டி அதற்கு மேலே கறுப்பு. தடிப்பாகப் பூசினால் வழியும் என்று மெல்லிசாக, திரும்பத் திரும்பப் பூசினார். ஆணி அடிக்கத் தெரியாத அந்தக் கையா இது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தூசிதான் பெரிய எதிரி. என் தலைமயிர் ஒன்று ஈர மையில் ஒட்டியதற்கு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நான் கடுகு தாளித்தால் ஓடிவந்து கப்பலைத் தூக்குவார். கடைசியில் அவருக்கு ஓவன் கண்ணில் பட்டது. எங்கள் வீடுகளில் ஓவன் என்பது சட்டி வைக்கிற அலுமாரி. நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் போடவும், எப்போதாவது பாண் சூடாக்கவும் மட்டும் சட்டிகளை எடுத்து மேசையில் அடுக்குவோம். சட்டி மேசையில் நின்றால் ஓவன் வெறுமை. இது கண்ணை மூடிக்கொண்டும் தெரிந்த விஷயம். இவர் சட்டிகளை மேசைக்கு ஏற்றிவிட்டு, கப்பலை ஒரு தட்டில் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

வைகாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை. மேல்தட்டுக்கு வெள்ளை பூசி முடித்துவிட்டார். பிலோமினா இன்னும் படுக்கையில்தான்.

"நேத்தி பலிக்க முன்னமே குடுக்கப் போறீரோ?" என்று கேட்டேன்.

"எழும்பினாலும் எழும்பாட்டியும் நாளைக்குக் கொண்டுபோறன். வேற என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, அக்கா."

அவர் பால் வாங்கத் தெப்பனர் என்கிற மூலைக் கடைக்குப் போனார். நான் உடுப்புத் தோய்க்க நிலக்கீழ் அறைக்குப் போனேன். திரும்பி வரும்போது படியில் அவரைக் கண்டேன். மேலே புகை அலாரம் கத்தியது. இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம்.

குசினி முழுக்கப் பிளாஸ்டிக் எரிந்த நாற்றம். நான் ஓவனை நிறுத்தி யன்னலைத் திறந்தேன். அவர் துணியால் பிடித்துத் தட்டை வெளியே இழுத்தார். என்ர மாதாவே, அது கப்பலாக இல்லை. முன்பக்கம் தொய்ந்து தொங்கியது. பாய்மரக் கம்பங்கள் படுத்துவிட்டன. நடுப்பகுதி பிழிந்த துணிபோல முறுகிக் கிடந்தது. நாளைக்கு மாதாவுக்குக் கொடுக்க வேண்டியது இப்படிப் போனால் என் தங்கையின் கதி என்ன என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எந்த மூதேவி ஓவனைப் போட்டது?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

கதவுக்குப் பின்னால் கதிரையில் பிலோமினா இருந்தாள். இரவு உடுப்போடு, மடியில் ஒரு பாணோடு. பாணின் ஒரு மூலை பிய்க்கப்பட்டிருந்தது.

"பாணைச் சூடாக்கத்தான் போட்டனான். சட்டியெல்லாம் மேசையில நிண்டுது. வெறுமையெண்டு நினைச்சன்," என்றாள். "குனிஞ்சு பாக்க வயிறு இழுத்தது, அக்கா. பேந்து அது கத்தத் தொடங்கிட்டுது, எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"நீ ஏனடி எழும்பினனி?"

"பசிச்சுது. உங்கள் ரெண்டு பேரையும் காணேல்லை."

எமிலியானுஸ் தட்டோடு அப்படியே தரையில் இருந்துவிட்டார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடையால் வழிந்தது, துடைக்கவுமில்லை.

"என்னப்பா அது?" என்று அவள் தட்டைக் காட்டிக் கேட்டாள்.

"கப்பல்."

"ஆருக்கு?"

"பேந்து சொல்லுறன். நீ சாப்பிடு."

அவள் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். மென்று விழுங்கிவிட்டு, சம்பல் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. நான் பாணை வாங்கி வெட்டப் போனேன். தடிப்பாக ஒரு துண்டு வெட்டி, மேலே சம்பலை வைத்து அவள் கையில் கொடுத்தேன்.