ஒரே காகிதம், இரண்டு வாசிப்பு

புயலில் மாட்டிய என் மகனின் படகு இன்னும் முட்டம் திரும்பவில்லை. இன்று கோயில் முற்றத்துக்கு ஒரு அதிகாரி காகிதத்தோடு வந்தார்.

"பாட்டா, இங்க விரல வையும்."

"என்ன எழுதிருக்கு சார்?"

"அரிசியும் போர்வையும் கிடைச்சுன்னு."

அவர் சொன்னது ஒரு வரி. காகிதத்திலோ பக்கம் நிறைய எழுத்து.

மை பூசிய விரலைத் தூக்கிக்கொண்டு மருமகளிடம், "நீ ஒருக்கா வாசி மக்கா" என்றேன்.

"எச்சரித்தும் கேளாமல் கடலுக்குப் போனார்..." என்று வாசித்தவள் காகிதத்தை முற்றத்தில் நின்ற கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

எச்சரிக்கை வந்ததே படகு போன மறுநாள்தான்.

"தேடப் போவாம எங்க பிள்ளைகள் மேல குத்தமா?" என்று கூட்டம் கத்தியது.

"அது சும்மா எல்லாத்துலயும் போடுற வரி" என்றார் அதிகாரி.

"சும்மான்னா நீரே விரல வையும் சார்" என்றேன்.

உங்கள் கரைக்கும் இதே காகிதம் வந்திருக்குமே, அங்கே அதை எப்படி வாசித்தார்கள்? நான் போனில் பேசி அனுப்புவதுபோல நீங்களும் பேசி அனுப்புங்கள். எழுத்து எனக்குத் தெரியாது, இப்போது அதன் மேல் நம்பிக்கையும் இல்லை.