பாண்டிசெல்விக்கு வந்த காய்ச்சல்

பாண்டிசெல்விக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில். இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். மிஷினை விட்டுக் கக்கூஸுக்குப் போனால் சூப்பர்வைசரின் முகம் மாறும். அதனால் ஷிப்ட் முடிகிறவரை அடக்கிக்கொள்வாள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். அங்கே பெண்கள் பலரும் அப்படித்தான்.

சித்திரை வெயிலில் நீர்க்கடுப்பு வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அப்புறம் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே வலி. ஒருநாள் காலையில் எழுப்பிய கணவன் சங்கையாவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். மினிபஸ் ஓட்டும் சங்கையா அன்று பஸ்ஸை எடுக்கவில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர் வெங்கடேஸ்வரி அவனை உட்கார வைத்துப் பேசினார்.

"கிருமி மூத்திரப்பையிலருந்து கிட்னிக்கு ஏறி ரத்தத்துல கலந்துருச்சு. செப்சிஸ்னு சொல்வோம். கிட்னி ரெண்டும் வேலை செய்யல. இப்ப மூச்சுக்கும் மிஷின் வைக்கணும்."

"கோளாறு கிட்னிலதான? மூச்சு எதுக்கு முட்டுது?"

"கிட்னி மூத்திரத்தைப் பிரிக்கறதோட நிக்கல. யூரோமாடுலின்னு ஒரு புரதத்தையும் செய்யுது. மூத்திரத்துல அது கிருமியைப் பிடிச்சு வெளிய தள்ளும். கொஞ்சம் ரத்தத்துலயும் போகும். கிருமியோட போடுற சண்டையில உடம்பு தன்னையே புண்ணாக்கிக்காம அது தணிக்குதுன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க. கிட்னி படுத்துட்டா அதுவும் குறைஞ்சுரும். நுரையீரல் கெட்டதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

"அதை ஊசியாப் போட முடியாதா டாக்டரம்மா?"

"எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. மனுசருக்கு மருந்தா இன்னும் வரல."

சங்கையா தலையாட்டினான். வெளியே வந்து டீ வாங்கினான். அது கையிலேயே ஆறியது. அழுகை வரவில்லை. மாமியாருக்குப் போன் போட்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வைத்தான்.

டயாலிசிஸ் செய்தார்கள், மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மெல்ல மூச்சு தேறி மிஷினை எடுத்தார்கள். பிறகு ஒருநாள் டியூப் வழியே பையில் மூத்திரம் மஞ்சளாக இறங்கத் தொடங்கியது.

"அக்கா, கிட்னி வேலை செய்யுதுக்கா," என்றாள் நர்ஸ் சிரித்துக்கொண்டே.

பாண்டிசெல்வி பையைப் பார்த்தாள். சந்தோஷமாகவும் இல்லை, பயமாகவும் இல்லை.

டயாலிசிஸ் நின்றது. ஆனாலும் கிட்னி முழுசாகத் தேறவில்லை, மாதாமாதம் வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆலையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. "சரி," என்றாள்.

ஆடிப்பூரத்தன்று சங்கையா சட்டை மாட்டிக்கொண்டு நின்றான்.

"ஏட்டி, தேர் பாக்கப் போவமா?"

"நீங்க போயிட்டு வாங்க."

"நடக்க முடியலையா?"

"முடியுது. போகணும்னு தோணல."

செத்த நேரம் அவன் வாசலிலேயே நின்றான். ரதவீதிப் பக்கமிருந்து கூட்டத்தின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.