யாருக்கும் தெரியாமல் கேட்ட சைலன்சர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஏழு பேரை. ஐந்து என் வயிற்றில் பிறந்ததுகள், இரண்டு செத்துப்போன என் தங்கை விட்டுப்போனதுகள். ஏழில் ஒன்றுகூட பசி என்று அடுத்த வீட்டு வாசலில் நின்றதில்லை. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். இப்போது சொல்லப் போவதை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். ஆனால் ஆண்டவர் செய்ததை மூடிவைத்துக்கொண்டு நான் கண்ணை மூடக் கூடாது. என்னோடு கூடி ஜெபிக்கிற சகோதரிகளே, பொறுமையாகக் கேளுங்கள். நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியிடம் டிரைவராக இருந்தார். முதலாளி புதுக் கார் எடுத்தபோது பழைய கறுப்புக் காரை இவருக்குக் கொடுத்துவிட்டு, மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். கடன் தீர்ந்தது, என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு மூத்தவன் சாமுவேல் அதை வாடகைக்கு ஓட்டினான். புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை முள்ளிப்பட்டுக்கும் மற்ற ஊர்களுக்கும் தறி வீடு தறி வீடாகக் கூட்டிப்போவான். கல்யாணச் சவாரிக்கும் போவான். எங்கள் சபையில் கார் வைத்திருந்தது நாங்கள்தான். சனங்கள் என்னைக் கார்க்காரம்மா என்றார்கள். அந்தப் பேர் எனக்குத் தேனாக இருந்தது. கோயில் கூப்பிடு தூரம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை முன்சீட்டில் உட்கார்ந்துதான் போவேன். வழியில் குடை பிடித்து நடக்கிற யாரையும் ஏறு என்று சொன்னதில்லை.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம், கிறிஸ்துமஸ் கழிந்ததும், காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. முதலில் சத்தம்தான். சாமுவேல் மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டுவான். இரண்டு சவாரி தாங்கும். மறுபடி உறுமும். ஒரு ஞாயிறு நாங்கள் போய் இறங்குகிற வரைக்கும் போதகர் ஜெபத்தை நிறுத்திவிட்டு நின்றார். உள்ளே நுழைந்தால் ராகேல் என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்: "ரைஸ் மில்லு வந்துடிச்சி, நெல்லு எடுத்தாங்கடி."

ராகேல் என்பவள் பழைய இரும்புக் கடைக்காரரின் பெண்சாதி. வாய் நீளம். அன்று சிரித்தவர்களை எல்லாம் நான் முகம் முகமாக ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு முதல், ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு முள்வேலி ஓரமாக என்ஜினை நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்து கோயில் வரைக்கும் சாமுவேலும் மருமகளும் நானும் தள்ளுவோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் கார் தள்ளினேன். நடந்தே வரக்கூடாதா என்று கேட்பீர்கள். கார்க்காரம்மா நடந்து வந்தாள் என்று பேச்சு வந்துவிடுமே.

பிறகு புகை உள்ளே வர ஆரம்பித்தது. வாடிக்கையாக வருகிற சேட்டு ஒருவர் தன் மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "அம்மா, இது கல்யாணப் பொண்ணு கட்டுற பொடவ. பொகை நாத்தம் அடிக்குது. ஜரிகை கறுத்துப் போச்சுன்னா யாரு வாங்குவா?" என்றார். மூட்டையோடு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மற்ற வாடிக்கைக்காரர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். புதுச் சைலன்சர் வேலூரிலிருந்து வர வேண்டும். அதன் விலையில் எங்கள் வீட்டில் ஒரு மாசம் அடுப்பு எரியும். சவாரி இல்லாமல் சைலன்சர் இல்லை, சைலன்சர் இல்லாமல் சவாரி இல்லை.

நான் ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் என்பதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது. "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் எனக்கு ஒரு சைலன்சர் கொடும்" என்று ஜெபித்தேன். அவருக்கே நிபந்தனை போட்டேன்.

மாசி மாசம் கடைசி மகள் மேரியைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிவரக் கலசப்பாக்கம் போனோம். திரும்பும்போது ரோட்டில் தூசி. கண்ணாடியை ஏற்றிவிட்டோம். போளூர் தாண்டி, "அம்மா, தல சுத்துது" என்றாள். சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் என் தோளில் சரிந்துவிட்டாள். உதட்டில் உயிர் இல்லை. எனக்கும் கண் இருட்டியது. சாமுவேல் நிறுத்தி, கதவைத் திறந்து, அவளைத் தூக்கிப்போய்ப் புளியமரத்தடியில் போட்டான். முந்தானையால் விசிறினேன். எவ்வளவு நேரமோ. வாந்தி எடுத்தாள், கண் திறந்தாள்.

ஆரணியில் நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். "கொழந்த குறுக்கால கீதும்மா. இப்பிடியே இருந்தா இங்க பாக்க முடியாது. வலி வந்தா ஜல்தியா வேலூருக்கு இட்டுகினு போயிடுங்க. உங்ககிட்டதான் காரு கீதே" என்றார்கள்.

கார் இருந்தது. அந்தக் காரில் ஏற்றினால் போய்ச் சேருவதற்குள் தாயும் பிள்ளையும் புகையிலேயே போய்விடும். பஜாரில் இரண்டு டாக்ஸி நிற்கும், போய்ச் சொல்லி வைத்திருக்கலாம். கார் வைத்திருப்பவள் காருக்குக் கையேந்துவதா என்று என் கால் அந்தப் பக்கம் போகவில்லை. மகள் உயிர் ஒரு பக்கம், என் பேர் ஒரு பக்கம். நான் எதைப் பிடித்துக்கொண்டு நின்றேன் பாருங்கள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்கள் கூடி உபவாச ஜெபம் செய்வோம். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பாரத்தைச் சொல்ல வேண்டும். என் முறை வந்தால் எப்போதும், "எனக்கு ஒரு குறையும் இல்லை, ஸ்தோத்திரம்" என்று உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் எழுந்தேன். புளியமரத்தடியில் கிடந்த மேரியின் முகம் வந்தது.

"காருக்கு ஒரு சைலன்சர் வேணும்" என்றேன்.

ராகேல்தான் முதலில் சிரித்தாள். "இன்னாக்கா, ரைஸ் மில்ல மூடப்போறியா?" கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஜெபம் நடத்துகிற டீச்சரம்மா சிரிக்காமல், "அது வண்டியில எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டார்கள். அதுதான் இன்னும் கொன்றது. "பொகை போற கொழாய்ங்க" என்று விளக்கினேன். மேரி மயங்கி விழுந்ததைச் சொன்னேன். குழந்தை குறுக்கே இருப்பதைச் சொன்னேன். கார் தள்ளுவதைச் சொன்னேன். ஏழு பேரை வளர்த்தவள் அத்தனை பேர் நடுவில் முந்தானையை வாயில் வைத்து அழுதேன். சிரிப்பு நின்றுவிட்டது.

டீச்சரம்மாவுக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, அந்தக் குழாயை நீர் அறிவீர்" என்று ஜெபித்தார்கள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் ராகேல் என் கையைப் பிடித்தாள். "யக்கா, வா எங்க ஊட்டுக்கு."

"எதுக்குடி, இன்னும் சிரிக்கவா?"

"வாயேன். சாமுவேலையும் இட்டுகினு வா."

அவள் வீட்டுப் பின்பக்கம் ஆடு தண்ணீர் குடிக்கிற தொட்டி இருந்தது. அதற்கு முட்டுக்கொடுத்து நீளமாக ஓர் இரும்புருளை கிடந்தது. காலால் உதைத்துக் காட்டினாள். "ஒடஞ்ச வேன் ஒண்ணு வாங்குனாரு எங்க ஊட்டுக்காரரு. அதுல கெடந்தது. இதானா பாரு."

சாமுவேல் குனிந்து கல்லால் தட்டிப் பார்த்தான். தூக்கி ஆட்டினான். "துரு கொட்டலம்மா. உள்ள நல்லா கீது" என்றான். எனக்கு அது காதில் விழவில்லை. நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முள்வேலிக்கு அந்தப் பக்கம்தான் ஞாயிறுதோறும் நாங்கள் என்ஜினை நிறுத்துவது. இத்தனை வாரமாக இதைத் தாண்டித்தான் காரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன்.

"நாங்க தள்றத நீ பாத்ததே இல்லியா?" என்று கேட்டேன்.

"பாக்காம இன்னா? பெட்ரோல் மிச்சம் புடிக்கிறீங்கன்னு நெனச்சேன்க்கா. வாயத் தொறந்து கேட்டிருந்தா எப்பவோ குடுத்திருப்பனே" என்றாள்.

வேன் சைலன்சர் காருக்கு நேராகப் பொருந்தவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கேஸ் வெல்டிங் வைக்கிறவர் வாய்ப்பக்கத்தை வெட்டி, நடுவில் ஒரு துண்டுக் குழாய் சேர்த்துப் பற்றவைத்தார். பின்குழாயில் ஆற்று மணலை அடைத்து, சூடேற்றி வளைத்தார். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கிப்போகுமாம். பழைய டயரில் பட்டை வெட்டி, அதில் சைலன்சரைத் தொங்கவிட்டார். காரின் அடித்தட்டில் இருந்த ஓட்டைகளையும் தகடு வைத்து அடைத்தார். அவருக்கு ஒரு நாள் கூலிதான் ஆனது. ராகேல் வீட்டுக்காரர் இரும்பு எடைக்குக் காசு வாங்கிக்கொண்டார். எடைக்கு மேலேயும் கொஞ்சம் கொடுக்கப் போனேன். ராகேல் தடுத்தாள். "காசு வோணாங்க்கா. ஒரு தபா என்ன முன்சீட்ல உக்காரவெச்சி கோயிலுக்கு இட்டுகினு போ. போதும்."

வேலை முடிந்ததும் கண்ணாடி எல்லாம் ஏற்றச் சொல்லி, பின்சீட்டில் நானே உட்கார்ந்து, என்ஜினை ஓடவிடச் சொன்னேன். சாமுவேல் வேண்டாம் என்றான். தலை சுற்றினால் எனக்குச் சுற்றட்டும் என்றேன். ஜெபித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சீட்டின் பழைய வாசனை மட்டும்தான் வந்தது.

குருத்தோலை ஞாயிறு ராகேல் முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால். கோயில் வாசலில் கார் சத்தமில்லாமல் போய் நின்றது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ராகேலுக்குத் தாங்கவில்லை. "அடப்பாவி, யாருமே பாக்கலியே! சாமுவேலு, ஒரு தபா ஆரன் அடிடா!"

ஈஸ்டர் கழிந்த வாரம், பட்டப்பகலில் மேரிக்கு வலி கண்டது. குழந்தை அப்படியேதான் குறுக்கே இருந்தது. வேலூர் ரோட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் அந்தக் காருக்குள் பேசினால் காது கேட்காது. அன்றைக்கு அவள் மூச்சு எனக்குக் கேட்டது. அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "தல சுத்துதாடி?" என்று கேட்டேன்.

"தல சுத்தலம்மா. வயிறுதான் வலிக்குது. நீ சும்மா வாயேன்" என்று எரிந்து விழுந்தாள். அவள் திட்டத் திட்ட நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முழங்கால் போட்டேன். நன்றி சொல்வதற்கு முன்னால் மன்னிப்புத்தான் கேட்டேன்.

சகோதரிகளே, ஆண்டவர் எனக்குப் பதில் தரத் தாமதிக்கவில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே முள்வேலிக்குப் பின்னால் அதை வைத்திருந்தார். யாருக்கும் தெரியாமல் வேண்டும் என்று நான்தான் கதவைச் சாத்தியிருந்தேன். காரை விற்று வருஷமாகிறது. அது ஓடின வரைக்கும், வழியில் நடந்தவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனது. இப்போது நான் நடந்து போகிறேன், ராகேல் கையைப் பிடித்துக்கொண்டு. உங்களுக்கும் ஒரு பாரம் இருக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைக்கிற பாரம். சிரிக்கட்டும். எழுந்து நின்று சொல்லுங்கள். அவர் கேட்கிறார். சிரிக்கிறவர்கள் வீட்டில்கூட உங்களுக்கானதை அவர் வைத்திருப்பார்.

எனக்குப் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்து எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இதை நான் சொல்லச் சொல்ல எழுதினவள் அன்றைக்கு வேலூரில் பிறந்த என் பேத்திதான்; கோயிலில் உங்களுக்குப் படிக்கப் போகிறவளும் அவள்தான். முதலிலிருந்து படி கண்ணு, கேட்கிறேன். நான் அழுத இடத்தில் குரலை இறக்காதே. கோயிலில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிப் படி.